சிசி அண்ணனும் சீர் வண்டியும்

உலகத்தில் நடக்கிற எல்லாத் தப்புக்கும் சிசி போதாததுதான் காரணம் என்று மனதார நம்பிய ஒரே மனிதரோடு நான் ஆறு வருஷம் ஒற்றைச் சுவரைப் பகிர்ந்துகொண்டு குடியிருந்திருக்கிறேன். அரிசி வேகவில்லையா, ஸ்டவ்வுக்கு சிசி பத்தவில்லை. தெருவில் சண்டை போட்டவன் அடி வாங்கிக்கொண்டு வந்தானா, அவனுக்கு சிசி பத்தவில்லை. மோட்டார் சைக்கிள் எஞ்சின் எவ்வளவு பெரிது என்று சொல்கிற அந்த இரண்டு எழுத்தை வைத்து மனுஷர், மாடு, மழை எல்லாவற்றையும் அளந்துவிடுவார். எனக்குப் பார்த்த பெண் என்னை நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன அன்று, ஆறுதல் சொல்ல வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு வீட்டுக்காரக மேல தப்பு இல்ல தம்பி. ஒங்ககிட்ட பாடி இருக்கு, சிசி பத்தல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். மதுரை செல்லூரில் எங்கள் சந்தில் யாருக்கும் அது தெரியாது, தேவைப்படவும் இல்லை. சிசி என்று எழுதிப் போட்டால் கல்யாணப் பத்திரிகை சரியாக வந்து சேரும். விசைத்தறிகளுக்கு மெக்கானிக். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா எங்கே சிக்குகிறது, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று தறிக்கூடத்து வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார். இவ்வளவு தெரிந்த மனுஷர் தறியோடு நின்றிருந்தால் எனக்கு இந்த முதுகுவலி வந்திருக்காது. நான் அப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பில் போட்டுக்கொண்டிருந்த தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எனக்குத் தூங்கக் கிடைத்த நாள். அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

அவருடைய வண்டி நூறு சிசி, இரண்டு ஸ்ட்ரோக். அது புகை கக்கிக் கிளம்பினால் சந்தில் அரை மணி நேரம் கொசு இருக்காது, மனுஷரும் இருக்க மாட்டார்கள். டேங்கின் மேல் இரண்டு வயசுப் பையன், அப்புறம் சிசி, அவருக்குப் பின்னால் அஞ்சு வயசு மகள், கடைசியில் ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் மனைவி பேச்சியம்மாள். எனக்கு மதினி முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். இந்த நாலு பேரையும் சுமந்துகொண்டு வண்டி ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறும்போது முனக ஆரம்பிக்கும். மதினி யாரும் சொல்லாமலே இறங்கிவிடுவார். உச்சிக்கு நடந்து போய், சேலையைச் சரிசெய்து, கீழே ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகப் போவதை வேடிக்கை பார்த்து முடித்த பிறகு புருஷன் வண்டியோடு வந்து சேருவார். "ஏறு" என்பார். இவரும் ஏறிக்கொள்வார். இத்தனை வருஷத்தில் மதினி இதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொன்னது மதினியின் அண்ணன்.

அந்த அண்ணன் உசிலம்பட்டியில் இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். சிசி பெண் பார்க்க டவுன் பஸ்ஸில் போய் இறங்கிய அன்றே, கூட்டத்துக்கு நடுவில், "மாப்ள வந்த வண்டிக்கு டிக்கெட் எடுக்கணுமாம்ல" என்று சொல்லிச் சிரித்தவர். அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டு சிசி மூன்று வருஷம் டீகூடக் குடிக்காமல் சேர்த்து இந்த வண்டியை வாங்கினார். வாங்கின மறுநாளே உசிலம்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு போய் மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தினார். மச்சான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாருக்கு மாப்ள. வளந்தா என்ன வண்டியாகும்?"

அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஆகியும் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நல்லது கெட்டது எல்லாம் மதினி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசி, திரும்பி வந்து இவருக்குச் சொல்லுவார்.

அப்படி ஒரு நாள் பூத்திலிருந்து வந்த சேதிதான் எங்கள் எல்லாருடைய நிம்மதியையும் கெடுத்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். மச்சான் சொல்லி அனுப்பிய சீர் வரிசையில் தேங்காய், பழம், ஆட்டுக்கிடா, பட்டு எல்லாம் போக, கடைசியில் ஒன்று இருந்தது. நூற்று முப்பது சிசி மோட்டார் சைக்கிள், மாலை போட்டு லாரியில் வருகிறதாம்.

சிசி அன்றைக்குச் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, "அந்த வண்டிய நான் தொட மாட்டேன்" என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

மறுநாள் காலையில் குழாயடியில் மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க. சீரை வேணாம்னு திருப்பி அனுப்புனா பொறந்த வீட்டோட உறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் எங்கண்ணன் வாசல நான் எப்படி மிதிக்க? வாங்கிக்கிட்டாலும் இவுக தலை நிமிர்ந்து நடக்க மாட்டாக. வண்டிய ஓட்டுற ஒவ்வொரு நாளும் எம்மூஞ்சியப் பாத்தா எங்கண்ணன் மூஞ்சிதான் தெரியும்." குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை மதினி கவனிக்கவே இல்லை.

மூன்றாவது மனுஷன் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நுழைத்தேன். அதற்கான தண்டனையைத்தான் இனிமேல் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

"அண்ணே, ஒரே வழிதான் இருக்கு. மச்சான் வாங்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு பெரிய வண்டி வாங்கிடுங்க. பழசைக் குடுத்துட்டு மாத்திக்கலாம். 'எங்கிட்ட இருக்கே மச்சான்'னு கவுரவமாச் சொல்லிரலாம்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, தறில நாடா தேஞ்சா நாடாவ மாத்துவீகளா, தறிய மாத்துவீகளா?"

"நாடாவத்தான்."

"வீட்டுல ரெண்டாவது பிள்ளை பொறந்துருச்சுன்னு வீட்ட வித்துட்டா போறோம்? பின்னாடி ஒரு ரூம் இழுத்துக் கட்டுறோம்ல?"

"ஆமா."

"அம்புட்டுத்தான். வண்டி இதே வண்டி. எஞ்சினை மட்டும் பெருசாக்குறோம். சீரு நாளன்னைக்கு நாலு பேரும் இதுல ஏறி, ஒருத்தரும் எறங்காம, கோயில் வாசல்ல போய் நிக்கிறோம். மச்சான் கண்ணால பாக்கட்டும். 'ஒங்க வண்டிக்கு இங்க வேலை இல்ல, தங்கச்சிக்கு வேற எதுனாலும் செய்யுங்க'ன்னு நானே வாய் தொறந்து சொல்லுறேன்."

எதிர்வாதம் செய்ய நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துத் தறிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், நூல் பேல் நிறுக்கிற தராசில் உட்கார வைத்துவிட்டார். தறியில் பாவு நூல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். எண்பத்திரண்டு கிலோ. சிசி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒங்க மதினி, மக, மகன் மூணு பேரும் சேந்து எண்பத்தொண்ணு. நீங்க கனகச்சிதமா இருக்கீக தம்பி. ஒரு கிலோ கூட இருக்கு, அது பலகாரப் பை."

அன்றிலிருந்து நான் லோடு ஆனேன். எஞ்சினில் எதை மாற்றினாலும் குடும்பத்துக்குப் பதிலாக என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் சோதனை ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்கும். "தம்பி, லோடு!" என்று குரல் வரும். என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு உரிமையாகக் கூப்பிட்டதில்லை.

எஞ்சினைப் பெரிதாக்குவது என்றால் என்ன என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. தெரியாமலே செத்திருக்கலாம். பிஸ்டன் ஏறி இறங்குகிற இரும்புக் கூட்டுக்கு ப்ளாக் என்று பெயர். அதை லேத்தில் கொடுத்து உள்ளே குடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டனைப் போட்டால் சிசி கூடும். முதல் தடவை குடைந்ததில் நாலு சிசி கூடியது. நூறு நூற்று நாலாயிற்று. சிசி சந்து முழுக்கப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். பாலத்தில் நான் முன்பு இறங்கின இடத்திலிருந்து ஏழு அடி தள்ளி இறங்கினேன்.

"வித்தியாசம் தெரியுதுல்ல தம்பி?"

"தெரியுதுண்ணே. இன்னிக்கு வெயில் பட்டுச்சு, போன வாரம் நிழல்."

இரண்டாவது தடவை வேறு ஏதோ வண்டியின் பிஸ்டனைக் கொண்டுவந்தார். அதற்கேற்ற மாதிரிக் குடைந்ததில் எஞ்சினுக்குக் கோபம் வந்துவிட்டது. கிக்கரை மிதித்தால் அது திருப்பி மிதித்தது. சிசி ஒரு வாரம் நொண்டினார். தறிக்கூடத்தில் கேட்டவர்களிடம் எல்லாம், "வண்டிக்குப் பவர் வந்துருச்சுல்ல" என்று பெருமையாகக் காலைக் காட்டினார். மதினி மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். என்னமோ நான்தான் வண்டிக்குள் உட்கார்ந்து உதைத்த மாதிரி.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இறங்காமல் வண்டி பாலம் ஏறிவிட்டது. உச்சியில் சிசி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். ஓட்டுகிறவர் கையை எடுக்கக் கூடாது என்று நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். அந்த உற்சாகத்தில் வீட்டுக்குத் திரும்பாமல், ரோடு அகலமாக இருக்கும் என்று மாட்டுத்தாவணிப் பக்கம் விட்டார். வண்டி போனது. நன்றாகவே போனது. பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு பஸ் குறுக்கே திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. எஞ்சின் வளர்ந்திருக்கிறது, பிரேக் வளரவில்லை.

வெளியூர் பஸ்ஸில் ஏற்றுவதற்காக ஓரமாக அடுக்கி வைத்திருந்த செவ்வந்திப் பூ மூட்டைகள் மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நான் பூவுக்குள் முகம் புதைந்து கிடந்தேன். பூக்கார அம்மா ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, "சாமிக்குப் போற பூவுடா இது, எருமை கணக்கா இதுல கெடக்க. எந்திரி!" என்றார். எழுந்து பார்த்தால், சிசி கீழே கிடந்த வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"எழுபது தொட்டுச்சு தம்பி! லோடோட எழுபது!"

"பிரேக் என்னண்ணே ஆச்சு?"

"அது பழைய பிரேக்குத்தான தம்பி. எஞ்சினு பெருசானது அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் அங்கிருந்தே பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை குடைய லேத் பட்டறைக்காரரே மறுத்துவிட்டார். ப்ளாக்கின் சுவரைச் சுண்டிக் காட்டி, "அப்பளம் மாதிரி ஆயிருச்சுய்யா. இதுக்கு மேல குடைஞ்சா ஓட்டைதான் இருக்கும், ப்ளாக்கு இருக்காது. சூடு தாங்காம வழியில பிடிச்சுக்கும்" என்றார். நல்லது சொன்ன மனுஷன். சிசி வெளியே வந்து, "இவருக்கு மனசுல சிசி பத்தல தம்பி" என்று சொல்லிவிட்டு, பத்து கடை தள்ளி, கேட்டதைக் குடைந்து கொடுக்கிற இன்னொரு பட்டறைக்குப் போனார். காதுகுத்துக்கு நாலு நாள் இருந்தது.

காதுகுத்து அன்றைக்குக் காலையில் அவர்கள் நாலு பேரும் புதுத்துணியோடு வண்டியில் கிளம்பினார்கள். நான் பஸ்ஸில் பின்னால் வரவேண்டும் என்று ஏற்பாடு. என் மடியில் ஸ்பானர் பை. "சேஃப்டிக்குத்தான் தம்பி, தேவைப்படாது" என்றார். விசேஷத்துக்குப் போகிற எல்லாரும் மடியில் மொய்க் கவரும் பழத்தட்டும் வைத்திருக்க, நான் பன்னிரண்டு கிலோ இரும்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பஸ் செக்கானூரணி தாண்டியதும் ரோட்டோரத்தில் பட்டுச்சேலை ஒன்று தெரிந்தது. மதினி மைல் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் பையன், பக்கத்தில் மகள். சிசி வண்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். எஞ்சினிலிருந்து கருகின வாடை வந்துகொண்டிருந்தது. நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"பிஸ்டன் புடிச்சுக்கிருச்சு தம்பி" என்றார். திட்டுவதற்கு இத்தனை நாளாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் அந்த முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயின.

அந்த நேரம் பார்த்து மதுரைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. சீர் லாரி. புது வண்டியை மதுரைக் கடையில் எடுத்துக்கொண்டு நேராக வருகிறார்கள். மேலே வாழைத்தார், தாம்பாளங்கள், கிடா, கொட்டுக்காரர்கள், நாலைந்து சொந்தக்காரர்கள், எல்லாருக்கும் நடுவில் கயிறு போட்டுக் கட்டின புது மோட்டார் சைக்கிள், கழுத்தில் ரோஜா மாலை. லாரி நின்றது. மேளம் நின்றது. முன் சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டியில் மச்சான் இறங்கினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த வாய் இப்போது என்ன சொல்லப் போகிறதோ.

மச்சான் எஞ்சின் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் பேசின முதல் வார்த்தை, "சீஸா மாப்ள?" பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு வண்டிக்காரர்கள் பாஷையில் அதுதான் பெயர்.

"ஆமா மச்சான்."

அப்புறம் மச்சான் லாரியைக் காட்டி, "புது வண்டிய எறக்கச் சொல்லுறேன். ஏறிப் போங்க. நேரமாகுது" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் சிசிக்குத் தாங்கவில்லை.

"வேணாம் மச்சான். நான் நடந்து வாரேன்."

"அப்ப சீரைத் திருப்பிக் கொண்டு போகச் சொல்லுறீகளா?"

மைல் கல்லிலிருந்து மதினி எழுந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"பேசாம இருந்தது போதும் ரெண்டு பேரும். அண்ணே, நீ இந்த லாரியத் திருப்புனா நான் செத்தாக்கூட ஒன் வீட்டுக்கு வர முடியாது. இவுக அந்த வண்டில ஏறுனா இவுகளுக்கு மானம் போச்சு. ஆறு வருசமா ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து நான்தானய்யா தேயுறேன்! நான் எந்தப் பக்கம் போக, அதச் சொல்லுங்க!"

லாரியில் இருந்த கிடாகூடக் கத்துவதை நிறுத்தியது. சிசி நிமிர்ந்து பார்த்தார். மனைவியைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அப்படியே பார்வை அந்தப் புது வண்டியின் எஞ்சினில் போய் நின்றது. தறிச் சத்தம் கேட்டுப் பழுது கண்டுபிடிக்கும்போது அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. எனக்குப் பகீரென்றது.

"மச்சான், அதுவும் நம்ம கம்பெனி வண்டிதான?"

"ஆமா."

"எஞ்சினு அடிப்பெட்டி ரெண்டுக்கும் ஒண்ணுதான். ப்ளாக்கு மட்டும்தான் வேற."

"அதுக்கு?"

"வண்டி வேணாம் மச்சான். ப்ளாக்க மட்டும் குடுங்க."

மச்சானுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் மீசை துடித்தது. "யோவ் மாப்ள! புது வண்டிய்யா! ஒரு கிலோமீட்டர் ஓடல! மாலை இன்னும் வாடல! அதப் போயி பிரிக்கச் சொல்லுறீகளே!"

"சீரு வாங்குன மாதிரியும் ஆச்சு. வண்டி வாங்காத மாதிரியும் ஆச்சு."

லாரி மேலிருந்து சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "தட்டுல ஒரு தேங்காய எடுத்தாலும் சீரு எடுத்ததுதான்ப்பா. முறையில தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மச்சான் தங்கச்சியைப் பார்த்தார். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார்.

அந்தப் புது வண்டியை மாலையோடு இறக்கி, பஞ்சர் கடை ஒன்றின் நிழலில் நிறுத்தி, இரண்டு பேரும் பிரித்தார்கள். என் ஸ்பானர் பைக்கு அன்று வேலை வந்தது. நான் கைக்குட்டையை விரித்து நட்டு போல்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்துப்போன பழைய பிஸ்டனை டீசல் ஊற்றி, கட்டை வைத்துத் தட்டிக் கழற்றினார்கள். லாரிக்காரரான மச்சானுக்குத் தன் கருத்து ஒன்று, சிசிக்கு அதற்கு நேர் எதிரான கருத்து ஒன்று. மூன்று வருஷம் பேசாத பாக்கி முழுவதையும் இரண்டு பேரும் அந்த ஒரு எஞ்சின் மேல் பேசித் தீர்த்தார்கள். நடுவில் பிஸ்டனைப் பிடித்து வைக்கிற சின்னக் கம்பி வளையம் ஒன்று தெறித்துப் போய்விட்டது. மச்சான், பெரியவர், கொட்டுக்காரர்கள் என்று ஒரு சீர் வரிசையே கருவேலம்புதரில் மண்டியிட்டுத் தேடியது. கடைசியில் அது மச்சானின் வேட்டி மடிப்பில் இருந்தது.

மதினியின் பொறுமை அதோடு முடிந்தது. "காது குத்துற ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு. டிரைவர் அண்ணே, வண்டிய எடுங்க. இவுக வரும்போது வரட்டும்!" என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். கொட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். லாரி போய்க் கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"அண்ணே, தாய்மாமன் மடியிலதான காது குத்தணும்? தாய்மாமன் இங்கல்ல இருக்காரு?"

மச்சான் தலை நிமிராமல், "பேசாம அந்த பத்தாம் நம்பர் ஸ்பானரக் குடுங்க தம்பி" என்றார்.

கடைசியில் பழைய வண்டி புது ப்ளாக்கோடு ஒரே உதையில் கிளம்பியது. சிசி ஓட்ட, நடுவில் மச்சான், கடைசியில் இரும்புப் பையோடு நான். உசிலம்பட்டி தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது நான் பழக்கதோஷத்தில் இறங்கக் காலை நீட்டினேன். வண்டி அசங்காமல் ஏறியது. மச்சான் சிசியின் தோளில் தட்டி, "இழுக்குதே மாப்ள!" என்று கத்தினார். சிசி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது இரண்டும் சிவந்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

கோயில் வாசலில் நிறுத்துவதுதான் ஏற்பாடு. பிரேக் பழைய பிரேக். நானும் மச்சானும் நாலு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்தும், பந்தல், சமையல் கட்டு, கைகாட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரையும் தாண்டிப் போய்க் கிடா கட்டியிருந்த இடத்தில்தான் நின்றோம். மதினி ஓடி வந்து இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டினார். "அறிவிருக்கா ஒங்க ரெண்டு பேருக்கும்? ரெண்டு மணி நேரமா ஆசாரி ஊசிய வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு!" இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்று தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார்கள். திட்டிக்கொண்டே மதினி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். இத்தனை வருஷமும் அண்ணனைத் திட்டினால் புருஷன் பக்கம், புருஷனைத் திட்டினால் அண்ணன் பக்கம் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர். பிள்ளைகள் மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டார்கள். மகளின் பட்டுப் பாவாடையில் மாமனின் கை அப்படியே கருப்பாகப் பதிந்திருந்தது.

தலையில்லாமல் பஞ்சர் கடையில் நின்ற புது வண்டிக்கு, சிசி தன் பழைய ப்ளாக்கில் உள்ளே ஒரு இரும்புக் குழாயைச் செருகிச் சரிசெய்து, பழைய நூறு சிசியாகவே மாட்டிக் கொடுத்தார். மச்சான் அதை வாங்கிக்கொண்டார். வளர்ந்தால் என்ன வண்டியாகும் என்று அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, "இன்னிக்கு முடியாதுண்ணே" என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தால், சிசியின் பின்னால், முந்தின ராத்திரியே தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்ட மச்சான் உட்கார்ந்திருக்கிறார். பிரேக்கைப் பெரிதாக்குவது பற்றி இருவருக்கும் பெரிய விவாதம். சண்டை போட்டுக்கொண்டே கிளம்பிப் போய்விட்டார்கள். சந்தில் புகை கலைய நேரமாயிற்று.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த மதினி என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, எந்திரிச்சுட்டீக? நிம்மதியாத் தூங்குங்க. இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"ஆமா மதினி" என்றேன். திரும்பி வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்த மனுஷன் மட்டும் பாதி வழியில் திரும்பி வந்து ஒரு குரல் கொடுத்திருந்தால், சட்டைகூடப் போடாமல் ஓடிப்போய் ஏறியிருப்பேன்.